ஏர் லைன்காரன் தொட்ட கேஸ் அடுப்பு

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் காற்றுக் குழாய் பதிக்கும் ஃபிட்டராகச் சேர்ந்தேன். டிப்ளமா படித்திருந்தேன், ஆனால் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் இறங்கிய முதல் நாள் கண்ட வெக்கையைப் பற்றி எந்தப் பாடமும் சொல்லியிருக்கவில்லை. பாறையே காய்ச்சல் கண்ட உடம்புபோலச் சுட்டது. சாப்பாட்டு நேரத்தில் மேஸ்திரி ஏர் லைன் ஜாயின்ட் ஒன்றை லேசாகத் தளர்த்திவிட்டு, "உக்காரு, இதான் நம்ம ஃபேன்" என்றார். உஸ்ஸென்று குளிர்ந்த காற்று வந்தது. அதில் கண் சொருகினால் இருட்டு தண்ணீர்போல அசையும். மேலே ஊர் என்று ஒன்று இருப்பதே கனவோ என்று தோன்றும். அந்தச் சத்தத்தில்தான் என் பணிக்காலம் முழுக்க இளைப்பாறினேன். கசிவு என்றால் எனக்குச் சுகம்.

மைன்ஸ் மூடிய பிறகு தொழிலாளர்களின் லைன் வீடுகளில் குழாய், மோட்டார் எது கெட்டாலும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். பக்கத்து வீட்டு சரோஜா தினமும் ரயிலேறி பெங்களூருக்குத் தையல் வேலைக்குப் போய்வந்தவள். போன வருடம் ஒரு மாலை வந்து நின்றாள்.

"மாமா, கேஸ் நாத்தம் வருது. இன்னான்னு பாருங்க."

ரப்பர் டியூபின் முனை வெடித்திருந்தது. மாற்றியிருக்க வேண்டிய டியூப். நான் முனையை வெட்டி, அடுப்பில் மறுபடி செருகி, ஏர் லைனில் செய்வதுபோலக் கம்பியால் முறுக்கிக் கட்டினேன்.

"இன்னும் உஸ்ஸுங்குதே மாமா. ஏஜென்சி மெக்கானிக்க கூப்டட்டுமா?"

"அவன் வந்து இன்னா கிழிக்கப்போறான்? நான் போட்ட பைப்புல ஒரு மைன்ஸே ஓடிச்சு."

"அந்த மைன்ஸதான் மூடிட்டாங்களே!" என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். அந்த மெல்லிய சத்தம் என் காதுக்கு இதமாகவே இருந்தது. "நாத்தம் தானா போயிடும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையில் படியும். இது எனக்குத் தெரியாததல்ல.

மறுநாள் காலை, சமையலறை மூலையில் சாமி விளக்கேற்றக் குனிந்து தீக்குச்சி உரசினாள். தரையெல்லாம் நீல அலை ஓடியதாம். ஒரு கணம் அழகாகக்கூட இருந்ததாம். எனக்கு அவள் அலறல்தான் கேட்டது.

உயிர் தப்பினாள். விரல்கள் இப்போது முழுதாக மடங்குவதில்லை. தையல் வேலை போய்விட்டது.

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் ஏஜென்சி மெக்கானிக் வந்தார். முறையாகப் பயிற்சி எடுத்து சான்றிதழ் பெற்றவர். கம்பிக்கட்டைப் பார்த்து, "யாரு பண்ண வேலை இது?" என்றார்.

"தெரில சார்" என்றாள் சரோஜா, என்னைப் பார்க்காமல்.

"நான்தான்" என்றேன்.

"கேஸ் வேலை கத்துக்கினீங்களா?"

"இல்ல."

"அப்ப இன்னாத்துக்குப் பெரியவரே கை வெச்சீங்க?"

அவர் புது டியூபில் அச்சிட்டிருந்த காலாவதித் தேதியைக் காட்டினார். கிளிப் மாட்டி, சோப்புத் தண்ணீர் தடவி, ஒரு குமிழிகூட வரவில்லை என்பதை அவளைப் பார்க்கவைத்த பிறகே எழுந்தார்.

இன்றும் லைனில் யாராவது கூப்பிடுகிறார்கள். போகிறேன். ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறக்கிறேன். யாரையும் ஸ்விட்சைத் தொடவிடுவதில்லை. எல்லோரையும் வெளியே அழைத்து வந்து ஏஜென்சிக்கு போன் போடச் சொல்கிறேன்.

"நீங்களே கட்டிட்டா ஆச்சு" என்கிறார்கள்.

மெக்கானிக் வரும்வரை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தெருவில் நிற்கிறேன்.