மொட்டை மாடியில் அறுபது மீட்டர் கருப்புக் குழாய்

அக்கா பிரசவத்துக்காக ராஜபாளையம் வீட்டுக்கு வந்த வாரம், என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'வெந்நீர்' என்று தலைப்புப் போட்டு ஒரு பட்டியல் எழுதினேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு, ஒரு நூற்பாலையின் பராமரிப்புப் பிரிவில் வரைபடம் போடும் வேலையில் சேர்ந்து எனக்கு ஏழெட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

ஒன்று, விறகு அடுப்பு: அம்மாவுக்கு இளைப்பு. ஆகாது.
இரண்டு, மண்ணெண்ணெய் ஸ்டவ்: ரேஷனில் வருவது சமையலுக்கே பத்தாது.
மூன்று, கேஸ்: பதிந்து வைத்தது இன்னும் வரவில்லை.
நான்கு, கரண்ட் ஹீட்டர்: எங்கள் தெருவில் பல்பே மினுக் மினுக்கென்றுதான் எரியும். ஈரக் கையோடு சுவிட்சைத் தொட அம்மா சம்மதிக்க மாட்டாள்.
ஐந்து, வெயில்.

வெயிலுக்கு எதிரே எதுவும் எழுதவில்லை. அடிக்கோடு மட்டும் இரண்டு போட்டிருந்தேன்.

பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள் வெந்நீர் ஊற்ற வேண்டும். அப்பாவும் நானும் காலை ஏழரைக்கெல்லாம் மில்லுக்குக் கிளம்பிவிடுவோம். அப்புறம் அடுப்பை மூட்ட அம்மாவை விட்டால் ஆளில்லை. போன கார்த்திகையில் ஈர விறகை ஊதப் போய், மூச்சு முட்டி, ஆஸ்பத்திரியில் ஊசியும் மருந்துமாக மூன்று நாள் கிடந்தாள். இனிமேல் புகை இருக்கும் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார்.

"அவிய சொல்லுவாக. பிள்ள பெத்த உடம்புக்குப் பச்சத்தண்ணியவா ஊத்தச் சொல்லுத? நாப்பது நாள்தானட்டி, முந்தானைய மூக்குல கட்டிக்கிட்டு எரிச்சிருவேன்" என்றாள் அம்மா.

வெயில் என்ற எண்ணம் மில் முற்றத்தில் வந்தது. செடிகளுக்குத் தண்ணீர் விடும் கருப்புக் குழாய் மதியம் முழுக்க வெயிலில் கிடந்தது. கை கழுவலாம் என்று அதன் திருகைத் திறந்தேன். சுட்டது. உண்மையிலேயே சுட்டது. கையை உதறிவிட்டு மறுபடியும் நீட்டினேன். ஒரு நிமிடத்தில் சூடு தீர்ந்து பச்சைத் தண்ணீர் வந்துவிட்டது. அந்தக் குழாய்க்குள் எத்தனை லிட்டர் கிடந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே சீட்டுக்குத் திரும்பினேன். அன்று வேறு எந்த வேலையும் ஒழுங்காக ஓடவில்லை.

கணக்கு எளிமையானது. அரை அங்குலக் குழாயில் அதிகம் தண்ணீர் நிற்காது. ஓர் அங்குலக் குழாய் என்றால் அதே நீளத்தில் நான்கு மடங்கு நிற்கும். முப்பது மீட்டர் சுருள் ஒன்றுக்கு ஒரு வாளி. அக்காவுக்கு இரண்டு வாளி வேண்டும். ஆக, இரண்டு சுருள்.

எங்கள் ஊர்க் கடைகளில் பூச்செடிக்கான பச்சைக் குழாயும், கொத்தனார் மட்டம் பார்க்கும் கண்ணாடிக் குழாயும்தான் சுருளாக இருந்தன. கருப்பு வேண்டுமென்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் போ என்றார்கள். சுந்தரபாண்டியம் பக்கத்து விவசாயிகள் தோட்டத்துக்கு வாங்கும் கடை ஒன்று அங்கே இருந்தது. சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

கடைக்கார பாய் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "கிணத்துக்கா பாப்பா, தோட்டத்துக்கா?"

"குளிக்க வெந்நீருக்கு பாய்."

"வெந்நீருக்குக் கரிக்கடைக்குல்லா போகணும்?"

விளக்கிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டு வகையை இழுத்துப் போட்டார். ஒன்று விறைப்பான குழாய். மற்றது தொட்டால் மெழுகு மாதிரி வழவழப்பு, இழுத்த இழுப்புக்கு வளையும். "கெட்டிதான் உழைக்கும். ஆனா மாட்டுதவன் கை வலிக்குதுன்னு வைவான்" என்றார்.

என்னிடம் ஐந்து சோதனைகள் இருந்தன. வளைத்துப் பார்த்தேன், மடிப்பு விழவில்லை. நகத்தால் கீறினேன், தூளாக வரவில்லை. ஒரு முனையில் ஊதினேன், மறுமுனையில் காற்று வந்தது. செருப்புக் காலால் மிதித்தேன், பழைய வடிவத்துக்குத் திரும்பியது. நறுக்கிக் கொடுத்த துண்டில் சுவரின் கனம் எல்லாப் பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தேன். மெது வகை ஐந்திலும் தேறியது. எங்கள் சின்ன மாடியில் நெருக்கிச் சுருட்டவும் அதுதான் வசதி. அதையே எடுத்தேன்.

இரண்டு சுருளையும் பஸ்ஸில் ஏற்றியதும் கண்டக்டர் பதறினார். "ஏம்மா, பஸ்ஸுக்கு ரெண்டு டயரு கூடக் கொண்டாந்திருக்கியா?"

"குழாய்ண்ணே."

"யாராச்சும் இதுக்குள்ள எறங்கி உக்காருங்கப்பா, எடம் மிச்சம்!"

கூடை வைத்திருந்த ஒரு அம்மா உண்மையிலேயே தன் கூடையைச் சுருளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, "அசையாம இருக்குதுல்லா" என்றார். ராஜபாளையம் வரும்வரை நான் அந்தச் சுருளைத் தொட்டுக்கொண்டேதான் நின்றேன். கோயில் தேரை இழுத்து வருகிறவள் மாதிரி ஒரு பூரிப்பு.

மறுநாள் ஞாயிறு. பிளம்பர் அண்ணாச்சி வந்தார். இருபது வருடமாகத் தெருவுக்கே குழாய் மாட்டுகிறவர். அவர் செய்யும் முறை இதுதான்: குழாயின் முனையைக் கொதிக்கும் தண்ணீரில் செத்த நேரம் முக்கி வைப்பார். இளகியதும் இரும்புக் குழாயின் முனைமீது ஏற்றி, கட்டுக்கம்பியால் இறுக்குவார். ஆறியதும் கவ்விக்கொள்ளும்.

"ஒரு சட்டி வெந்நீர் கொண்டாங்க" என்றார்.

அம்மா இடுப்பில் கை வைத்தாள். "வெந்நி கொடுக்க வந்த குழாய்க்கே நாங்க வெந்நி போடணுமா?"

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏட்டி, ஒன் பாம்பு குளிச்சிட்டுத்தான் வேல பாக்குமோ?"

நான் ஸ்டவ்வில் காய்ச்சிக் கொடுத்தேன். பதினொரு மணிக்குள் எல்லாம் முடிந்தது. மாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் இரண்டு சுருளுக்குள்ளும் போய், சுவரோரமாகக் கீழே இறங்கி, குளியலறையில் ஒரு திருகு குழாயில் வந்து நின்றது. ஊரில் எல்லா வீட்டிலும் குழாயின் திருகு கடைசி முனையில்தான் இருக்கும். எங்களுக்கும் அப்படியே வைத்தோம்.

இரண்டு மணிக்குத் திறப்பது என்று முடிவு. அண்ணாச்சி எங்கள் வீட்டிலேயே சாப்பிட உட்கார்ந்தார். ரசத்துக்கு வரும்போது மாடியில் 'டப்' என்று ஒரு சத்தம். அடுத்த நொடி பக்கத்து வீட்டு மாடியிலிருந்து அலறல். அந்த அத்தை வீட்டில் தெலுங்கு பேசுவார். கோபம் வந்தால் தெலுங்கும் தமிழும் சேர்ந்து வரும்.

"ஏமிதி! ஏட்டி, என் மோர் மிளகாய்க்கு யாரு வெந்நி ஊத்துனது?"

"குழாய் கழண்டுருச்சு அத்தை!"

"குழாயா கழண்டுது? ஒனக்குல்லா கழண்டிருக்கு!"

ஓடிப்போய்த் தொட்டியை அடைத்தேன். காய வைத்திருந்த மிளகாய் எல்லாம் மிதந்தது. சுருளின் முனை இணைப்பிலிருந்து நழுவித் தலை தொங்கிக் கிடந்தது. அம்மா மேலே ஏறி வரவில்லை. கீழே நின்றபடியே அப்பாவிடம் சொன்னது கேட்டது: "வெறகுக் கடையில ஒரு வண்டி சொல்லிருங்க."

அந்த வார்த்தைதான் எனக்குச் சுருக்கென்றது. விறகு வந்து இறங்கிவிட்டால் அம்மா அடுப்பை மூட்டுவாள். பொறவு யார் சொன்னாலும் கேட்க மாட்டாள்.

அண்ணாச்சி அசரவில்லை. மறுபடியும் ஒரு சட்டி வெந்நீர் கேட்டார். முனையை முக்கினார், எடுத்தார், வழுக்கிக்கொண்டு ஏறியது. அதைப் பார்த்துக்கொண்டே நின்ற நான் அவர் பக்கத்தில் குனிந்தேன்.

"அண்ணாச்சி, இது எப்படி இம்புட்டு லேசா ஏறுது?"

"சூட்டுல இளகுதுல்லா."

"மாடியில உள்ள நிக்கதும் வெந்நிதானே?"

கம்பி முறுக்கிய கை நின்றது. "இருவது வருசமா இப்படித்தான் மாட்டுதேன், ஒண்ணுகூடக் கழண்டதில்ல தங்கச்சி."

"இருவது வருசமும் அதுல பச்சத்தண்ணிதானே ஓடுச்சு?"

அவர் குழாயைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அட கூறுகெட்ட பயலே" என்றார். தன்னைத்தான் சொல்லிக்கொண்டார். ஆனால் அதில் எனக்கும் பாதிப் பங்கு உண்டு. ஐந்து சோதனை செய்தேனே, ஒன்றிலாவது ஒரு கோப்பைச் சுடுதண்ணீர் ஊற்றிப் பார்த்தேனா?

அங்கேயே மாடித் தரையில் கரித்துண்டால் வரைந்தேன். குழாய் இளகுவதை நிறுத்த முடியாது. ஆனால் இளகின குழாயைத் தள்ளுவது எது? தொட்டித் தண்ணீரின் பாரம். கடைசி முனையில் திருகை மூடி வைத்திருப்பதால் அந்தப் பாரம் முழுக்க, மணிக்கணக்காக, இணைப்புகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. திருகைச் சுருளுக்கு முன்னால், பச்சைத் தண்ணீர் வரும் பக்கம் வைத்துவிட்டுக் கடைசி முனையைத் திறந்தே விட்டால்? சுருளுக்குள் தண்ணீர் சும்மா படுத்துக் காயும். திருகினால் பச்சைத் தண்ணீர் பின்னாலிருந்து தள்ளும், வெந்நீர் முன்னால் போய்க் கொட்டும்.

"குளிக்க எடத்துல வாயப் பொளந்த குழாயா? தெறக்கதுக்கு பிள்ளத்தாச்சி மாடி ஏறணுமாக்கும்?" என்றார் அண்ணாச்சி.

"தொட்டியில இருந்து வார இரும்புக் குழாயை முதல்ல குளியலறைக்கு இறக்குவோம். அங்க திருகு. அப்புறம் அது மாடிக்கு ஏறிச் சுருளுக்குப் போகட்டும்."

அவர் தலையைச் சொறிந்தார். "தண்ணிய எறக்கி, மறுபடி ஏத்தி, மறுபடி எறக்குத. படிச்ச புள்ளைக்குத்தான் இப்படிக் கோணப் புத்தி வரும்." சொல்லிக்கொண்டே இரும்புக் குழாயை அளக்க ஆரம்பித்துவிட்டார்.

இன்னும் மூன்று திருத்தங்கள் செய்தோம். கட்டுக்கம்பிக்குப் பதிலாகத் திருகி இறுக்கும் பட்டை, இணைப்புக்கு இரண்டு வீதம். சுருளின் வெளிவாயை ஒரு சாண் உயர்த்தி, அந்த உச்சியில் காற்றுக்கு ஒரு திறந்த மூக்கு. அது இல்லாவிட்டால், கீழே இறங்கும் தண்ணீர் இழுக்கிற இழுப்பில் சுருளில் இருப்பதெல்லாம் தானாகவே வடிந்துவிடும். மூன்றாவதாக, பக்கத்து வீட்டுப் பக்கம் ஒரு தகரத் தடுப்பு. இது அத்தை போட்ட நிபந்தனை.

அடுத்த ஞாயிறு, ஒன்றரை மணி. குளியலறையில் அண்ணாச்சி, நான், அக்கா. திருகினேன். ஒன்றும் வரவில்லை. குழாய் செருமியது, காற்றைத் துப்பியது, மறுபடி செருமியது. பிறகு கொட்டியது. ஆவி பறந்தது! வாளியில் விட்ட கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு நான் கத்திய கத்தலில் அண்ணாச்சி, "மெதுவாம்மா, பிள்ள இங்கயே பொறந்துரும்" என்றார்.

அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். கொல்லையில் வந்து இறங்கியிருந்த விறகை அவள் திருப்பி அனுப்பவில்லை. ஒரு கட்டைப் பிரித்து அடுப்புக்குப் பக்கத்தில் அடுக்கிக்கூட வைத்தாள்.

சித்திரையில் அக்காவுக்குப் பெண் பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து முதன்முதலாகத் தலைக்கு ஊற்றும் நாள். நான் லீவு போட்டிருந்தேன். தண்ணீர் ஊற்ற வந்த பக்கத்து வீட்டு அத்தை காலை எட்டு மணிக்கே சேலையை வரிந்து கட்டிக்கொண்டு நின்றார்.

"எங்க மதினி வெந்நி? காலம்பறதானே ஊத்தணும்?"

சுருள் காய நண்பகல் ஆகும். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அடுப்பைப் பார்த்தாள். தீப்பெட்டி மாடத்தில்தான் இருந்தது. அவள் மூச்சு இழுப்பது எனக்குக் கேட்டது.

"காலம்பற ஊத்துனா பச்ச உடம்புக்குச் சளி கட்டும். உச்சி வெயில்லதான் ஊத்தணும்" என்றாள் அம்மா, காலங்காலமாக அதுதான் வழக்கம் என்பதுபோல.

"அப்படியா? எங்கள்ல இல்லையே."

"எங்கள்ல உண்டு."

பன்னிரண்டரை மணிக்கு அக்காவை முக்காலியில் உட்கார வைத்தார்கள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். திருகியது அம்மாதான். செருமல், காற்று, பிறகு வாளியில் தண்ணீர் விழும் சத்தம். அப்புறம் உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"ஏட்டி, என்னத்துக்கு வெளிய நின்னு வேடிக்க பாக்க? என்னா சூடு சுடுது! ஓடிப்போயி ரெண்டு வாளி பச்சத்தண்ணி கொண்டா, வெளாவணும்."

கிணற்றடிக்கு ஓடினேன்.