மாமாவின் ஆபீஸ் பாதி

என் அம்மாவின் தம்பிக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. கொரோனா வந்து எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னபோது, மாமா ஒரு லேப்டாப்போடு சித்தூர் பக்கம் பங்காருபாளையத்திலிருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். என் நைனா மாங்காய் மண்டியில் லோடு ஏற்றுபவர். பெங்களூர் கம்பெனியே எங்கள் வீட்டில்தான் நடக்கிறது என்று மண்டி முழுக்கச் சொல்லி வைத்தார். கொரோனா அடங்கிய பிறகும் மாமா திரும்பிப் போகவில்லை. நைனாவும் தன் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை.

மாமா அந்த லேப்டாப்பை இரண்டு பாதியாகப் பிரித்து வைத்திருந்தார். பட்டனை அழுத்தினால் கறுப்புத் திரையில் இரண்டு வரி வரும். மேல் வரி ஆபீஸ். கீழ் வரியில் எனக்கான பாட்டும் விளையாட்டும். நாம் எதையும் தொடாமல் இருந்தால் கொஞ்ச நேரத்தில் அதுவே ஆபீஸுக்குள் போய்விடும். அதனால் வரி வந்ததுமே கீழ் அம்புக்குறியை அழுத்திவிட வேண்டும். "மேல போனேன்னா மாமா வேல பூடும்" என்று சொல்லியிருந்தார். காலையில் குளித்து, சட்டையை இஸ்திரி போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு ஆபீஸ் பாதிக்குள் போய்விடுவார். அந்த நேரத்தில் அம்மா மிக்ஸிகூடப் போடமாட்டாள்.

சித்தூரிலிருந்து பெண் வீட்டார் மாப்பிள்ளை பார்க்க வந்த அன்று, அவர்களை அழைத்துவர மாமா பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தார். நான் லேப்டாப்பை ஆன் செய்தேன். அடுப்படியில் அம்மா உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு மாங்காய் பிசறிக்கொண்டிருந்த வாசனை வந்தது. ஒரே ஒரு துண்டு எடுத்துவரலாம் என்று ஓடினேன். திரும்பி வருவதற்குள் அது மேல் வரிக்குள் போய்விட்டது.

பதறிப்போய், புளிப்புச்சாறு ஒட்டிய விரலால் எதை எதையோ அழுத்தினேன். திரை நீலமாக விரிந்தது. மூலையில் ஒரு குப்பைத்தொட்டி மட்டும் இருந்தது. வேறு எதுவுமே இல்லை. குப்பைத்தொட்டியையும் திறந்து பார்த்தேன், அதுவும் காலி. ஒரு கம்பெனியை முழுசாக அழித்துவிட்டேன் என்று லேப்டாப்பைப் பட்டென்று மூடிவைத்தேன்.

பெண்ணின் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, ஆபீஸ் எப்படி நடக்கிறது என்று மாமாவை விசாரித்தபோது என்னால் அடக்க முடியவில்லை. ஓவென்று அழுது, மாமா ஆபீஸை நான்தான் அழித்துவிட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். நைனாவின் கை என் முதுகில் இறங்கியது. மாமா அதைப் பிடித்துத் தடுத்து, என்னை இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

"நெஜமா தம்பி?" என்று மாமாவைக் கேட்டார் பெண்ணின் அப்பா.

மாமா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "ஆமாங்க. எல்லாம் பூட்ச்சி" என்றார்.

பெண்ணின் அப்பா மாமாவை ஏற இறங்கப் பார்த்தார். "பர்வாலேதுப்பா, வேல வேற கெடைக்கும். இம்மாம் பெரிய நஷ்டத்துலயும் கொழந்த மேல கை வெக்கல பாரு, எம் பொண்ண நல்லா பாத்துக்குவ."

கல்யாணம் நடந்தது. மாமாவுக்குச் சித்தூரில் மாங்கூழ் ஆலையில் பில் போடும் வேலையும் கிடைத்தது. கல்யாணப் பந்தியில், "மாமன் வேலையத் துன்ன பொண்ணு இதான்" என்று என்னைக் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள். இலையைப் பாதியில் மூடிவிட்டு எழுந்துவிட்டேன். அதன்பிறகு வெகு காலம், யார் வீட்டுக்குப் போனாலும் அங்கிருக்கும் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை.

இப்போது திருப்பதியில் படிக்கிறேன். படிப்புக்குத் தேவைப்பட்டதால் போன மாதம் என் லேப்டாப்பையும் இரண்டு பாதியாகப் பிரித்தேன். ஒரு பாதியைத் துடைக்கச் சொன்னபோது, நிஜமாகத்தானா, நிஜமாகத்தானா என்று அது என்னைத் திரும்பத் திரும்பக் கேட்டது. எல்லாம் புதிதாக ஏறி முடிந்ததும் அதே நீலத் திரை வந்தது. மூலையில் அதே காலிக் குப்பைத்தொட்டி. மாங்காய்க் கையால் இப்படித் துடைத்திருக்கவே முடியாது. நான் போவதற்கு வெகு முன்பே அங்கே ஆபீஸ் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு மாமா தினமும் இதன் எதிரில்தான் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

மாமாவிடம் இதைக் கேட்கவில்லை. நான் பெரியவளானபோது நடந்த சடங்குதான் நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது. தாய்மாமன் சீர் என்று அவர் கொண்டுவந்த தட்டுகள் வாசல் வரை நின்றன. வேலையைப் பறிகொடுத்தும் எவ்வளவு பெரிய மனசு என்று சொந்தக்காரர்கள் வியந்தார்கள். வெட்கம் பிடுங்கித் தின்பதுபோல் இருந்தது எனக்கு. மணையில் தலையைக் குனிந்துகொண்டேன். மாலை போட வந்த மாமாவும் தலையைக் குனிந்தபடியேதான் போட்டார். நான் சின்னப் பெண், குனிந்தால்தானே மாலை போட முடியும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.