மூன்று குளம், ஒரு வாளித் தண்ணீர்

நீச்சல் குளம் கட்டுவதற்குச் செலவு ஒரு தடவைதான். அதை நம் ஊர் வெயிலில் வைத்துக் காப்பாற்றுவதற்கு விடிந்தால் செலவு, மழை பெய்தால் செலவு, யாரும் குளிக்காவிட்டாலும் செலவு. வீட்டில் மீன்தொட்டி வைத்துப் பாசியோடு மல்லுக்கட்டியவர்களுக்கு என் கஷ்டம் கால்வாசி புரியும். மீதி முக்கால்வாசிக்கு என் கையைப் பார்த்தால் போதும். குளோரின் தின்று விரல் நுனியில் ரேகையே இல்லை. அடையாளக் கார்டு புதுப்பிக்கப் போனபோது ஆபீசர் என் கட்டைவிரலை மூன்று முறை மையில் உருட்டிவிட்டு, என்னையே சந்தேகமாகப் பார்த்தார்.

தாப்பாவுக்குப் பக்கத்தில் நாங்கள் கூலிவேலை செய்த ரப்பர் தோட்டத்தை முதலாளிகள் துண்டு போட்டு விற்றபிறகு ஈப்போவுக்கு வந்தேன். குளம் கட்டும் கம்பெனி ஒன்றில் மண் சுமந்தேன். கம்பெனியும் மூடிக்கொண்டது. அவர்கள் கட்டிய மூன்று வீட்டுக் குளங்கள் மட்டும் என் தலையில் விழுந்தன. வீட்டுக்கு வாரம் இரண்டு நாள், ஆக மொத்தம் ஆறு நாள். அதுதான் என் சோறு.

மாப்பிள்ளைக்கு என்ன வேலை?

மலாய் மொழியில் குளத்துக்குக் கோலம் என்று பெயர். நான் ஈப்போவில் கேட்டு வந்து சொல்லிச் சொல்லி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது வாயில் ஒட்டிக்கொண்டது. ஹுத்தான் மெலிந்தாங் என்ற மீன்பிடி ஊருக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் என் அண்ணன், "தம்பி பெரிய பெரிய வீட்டுல கோலம் பாக்குறான்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டார். பெண்ணின் அத்தை வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். "போட மாட்டான், கழுவத்தான் செய்வான்" என்று அண்ணன் விளக்கியது இன்னும் மோசமாகப் போயிற்று. பெண்கள் போட்ட கோலத்தைக் கழுவிவிடுவதற்கு ஒரு ஆம்பளையா?

நான் எழுந்து நின்று, நீந்திக் காட்டாத குறையாக விளக்கினேன். பெண்ணின் அப்பா மீன் லாரி ஓட்டுகிறவர், சிரிக்காத மனுஷன். முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கோலமோ குளமோ, இருந்துட்டுப் போகட்டும்லா. மாசம் முப்பது நாளும் வேலை இருக்குமா, அதச் சொல்லுங்க."

பம்புக்குள் சுரங்கம்

"வெயில் இருக்குற வரைக்கும் இருக்கும் மாமா" என்று வாக்குக் கொடுத்துத்தான் கல்யாணம் ஆயிற்று. வெயில் தேவைக்கு மேலேயே ஒத்துழைத்தது. முதல் வீடு ஈயச் சுரங்கம் வைத்திருந்த தவுக்கேயுடையது, அதாவது சீன முதலாளியுடையது. தோட்டத்துச் சீனக் கடைக்காரரின் மகன் என்பதால் நம்மைப் போலவே தமிழ் பேசுவார். காலையில் குளோரின் போட்டால் மத்தியானத்துக்குள் வெயில் அதைக் குடித்துவிடும். நாலு மணிக்கு மழை இறங்கி, மிச்சத்தையும் கரைத்து, மரத்து இலையெல்லாம் உள்ளே கொட்டிவிட்டுப் போகும். மறுநாள் தண்ணீர் பச்சை. திரும்பப் போடு, திரும்பத் தேய். ஞாயிற்றுக்கிழமையும் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள்.

ஒரு வறட்சியில் குழாய்த் தண்ணீர் நின்றுபோனது. தவுக்கே தன்னுடைய சுரங்கக் குட்டையிலிருந்து லாரியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றச் சொன்னார். சொந்தத் தண்ணீர், செலவில்லை என்று நினைப்பு. வந்து விழுந்தது பால் போட்ட தேத்தண்ணி நிறத்தில் சேறு. அதைத் தெளியவைக்க மூன்று வாரமும் இரண்டு மூட்டை படிகாரமும் ஆயின. கடைசியில் பம்பும் செத்தது. கழற்றினால் உள்ளே கறுப்பு மணல். தவுக்கே அதை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார். ஈய மணல். "இத எடுக்க நான் அறுவது பேர வெச்சிருக்கேன். நீ ஒருத்தனே என் பம்புலேருந்து எடுத்துட்டியேலா!"

பிறந்தநாள் ஐஸ்

இரண்டாவது வீடு டாக்டர் வீடு. டாக்டரம்மா பகலில் இறங்க மாட்டார், நிறம் போய்விடுமாம். சாயங்காலம் இறங்கினால் தண்ணீர் பிள்ளை பெற்றவளுக்கு ஊற்றுகிற சூட்டில் இருக்கும். மகளின் பிறந்தநாள் விருந்து மூன்று மணிக்கு என்றதும், "தம்பி, குளத்துல ஐஸ் போட்டா என்ன?" என்று கேட்டார். முடியாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு முந்தின மாதம்தான், இந்தக் குளத்தை மூடிவிடலாமா என்று டாக்டரிடம் பேசிக்கொண்டிருந்தார். பயத்தில் தலையாட்டிவிட்டேன்.

ஐஸுக்கு எனக்குத் தெரிந்த ஒரே ஆள் மீன் லாரி ஓட்டுகிற மாமனார். மருமகனுக்காக லாரி நிறைய ஏற்றிக்கொண்டு வந்து கொட்டினார். அரை மணி நேரத்தில் எல்லாம் கரைந்தது. தண்ணீர் குளிரவில்லை. மீன் செதில் மட்டும் மேலே மினுமினுவென்று மிதந்தது, நாற்றம் கேட் வரைக்கும் வந்தது. மூன்று மணிக்கு விருந்தாளிப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கம் நிற்க, அந்தத் தெருப் பூனைகள் எல்லாம் மதில்மேல் வரிசையாக வந்து உட்கார்ந்தன. குளத்தையே காலி செய்து புதுசாக நிரப்பவேண்டி வந்தது. டாக்டரம்மா என்னைத் திட்டக்கூட இல்லை. "பூனைங்களுக்கும் சேத்துத்தான் கேக்கு வெட்டணும் போலருக்கு, தம்பி."

மலை குடித்த தண்ணீர்

மூன்றாவது வீடு குனோங் ராபாட்டில், சுண்ணாம்பு மலைக்குக் கீழே. சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பாய் ஆசைப்பட்டு வாங்கிய பங்களா. அந்தக் குளத்தில் தினம் ஒரு சாண் தண்ணீர் குறைந்தது. வெயிலில் ஆவியாகிறது என்று முதலில் நானே நம்பினேன். ஆனால் எந்த வெயிலும் ஒரு நாளைக்கு ஒரு சாண் குடிக்காது. ஓட்டை தெரியட்டும் என்று நீலச் சாயம் கரைத்துவிட்டேன். மறுநாள் காலையில், கீழே வாத்து வளர்க்கிற சீனர் ஒரு நீல வாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

அடியில் மலை பொந்து பொந்தாக இருந்திருக்கிறது. குளத்தை உடைத்துத் திரும்பக் கட்டுகிற செலவில் இன்னொரு வீடே கட்டிவிடலாம். கூலி வேண்டாம் பாய், சிமெண்டு பூசிப் பார்க்கிறேன் என்று கெஞ்சினேன். ஆறு நாளில் இரண்டு நாள் போனால் என்ன செய்வேன்? பாய்க்கு என் முகத்தைப் பார்க்கவே சங்கடம். "கடையில மனுஷனுக்குத் தண்ணி சும்மா குடுக்குறேன், அதுல புண்ணியம் இருக்கு. மலைக்குக் குடுத்து என்னலா பண்ண? மூடிடுங்க தம்பி."

மீன்களுக்குப் பிடிக்காது

பிறகு ஈயத்தின் விலை விழுந்தது. ஒவ்வொரு சுரங்கமாக மூடினார்கள், தவுக்கேயுடையதும் மூடியது. முதலில் நின்றது குளத்துப் பம்புதான். அடுத்த வாரம் நான் போனபோது தண்ணீர் கரும்பச்சையாக இருந்தது, உள்ளே ஏதோ துள்ளியது. தவுக்கே கெளுத்தி மீன் விட்டிருந்தார். விற்கவாம். பெரிய காரையும் காணோம், வேலைக்காரர்களையும் காணோம். குளோரின் டின்னோடு கேட்டில் நின்ற என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். பஸ்ஸில் திரும்பும்போது அழுதேன். கண் சிவந்ததற்குக் குளோரின் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை, டின் திறக்காமலே இருந்தது. அன்று தவுக்கே சொன்னது இதுதான்: "உள்ள வா, தேத்தண்ணி குடி. அந்த டின்ன மட்டும் வெளியவே வெச்சிட்டு வாலா, மீனுங்களுக்குப் பிடிக்காது."

சிமெண்டுத் தரை

கடைசியாக டாக்டர் வீடும். மகள் வெளிநாட்டுக்குப் படிக்கப் போய்விட்டாள், இனி யாருக்குக் குளம்? லாரி லாரியாக மண் வந்தது. அதை மிதித்து இறுக்குவதற்கு என்னையே கூலிக்கு வைத்தார்கள். பதினொரு வருஷம் முழங்கால் போட்டுத் தேய்த்த நீல ஓடுகளை வரிசை வரிசையாக என் காலாலேயே மண்ணுக்குள் புதைத்தேன். மேலே சிமெண்டு போட்டு மெழுகியதும், அகலமான அந்த வெறுந்தரையைப் பார்த்து டாக்டரம்மாவுக்கு ஒரு யோசனை. என் மனைவி தினமும் வந்து வீட்டு வேலை செய்யட்டும், காலையில் முதல் வேலையாக இங்கே ஒரு பெரிய கோலம் போடட்டும் என்றார்.

முதல் நாள் நான்தான் தண்ணீர் தூக்கிக் கொடுத்தேன். ஒரே ஒரு வாளி. அதைத் தெளித்து, புள்ளி வைத்து, பழைய குளத்தின் நீளத்துக்கு இழுத்து முடித்தாள். சாயங்காலம் அவளை அழைத்துப்போக வந்திருந்தேன், வழக்கம்போல நாலு மணிக்கு மழை பிடித்தது. மாவு கரைந்து ஓடுவதைப் பார்த்ததும் என் கை தேய்க்கிற பிரஷைத் தேடியது. பதினொரு வருஷப் பழக்கம். "போச்சு, எல்லாம் போச்சு" என்றேன். அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "போகட்டும்லா. அழிஞ்சாத்தானே நாளைக்கும் எனக்கு வேலை இருக்கும்."

மாமனாருக்குக் கொடுத்த வாக்கு பொய்க்கவில்லை, எங்கள் வீட்டில் மாதம் முப்பது நாளும் கோலம் வேலை இருக்கத்தான் செய்கிறது, என்னை மட்டும் வாளி தூக்க வைத்திருக்கிறார்கள்.