மலைக்கோட்டை எரிமலை அல்ல

தானே பார்த்திராத இடங்களைப் பற்றி, கேட்கும் உத்தேசமே இல்லாத ஜனங்களுக்கு, இருட்டில் நின்று எடுத்துச் சொல்வதுதான் மாஜிக் லாந்தர் பிரசங்கியின் உத்தியோகம். உபாத்தியாயர்களே, கூட்டத்துக்கு முன்னால் தொண்டை வற்றக் கத்தியிருக்கிற மற்றவர்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில், திருச்சியில் சாஸ்திர விஷயங்களைப் பரப்பிவந்த ஒரு சபைக்காக நான் அந்த உத்தியோகம் பார்த்தேன். லாந்தர் வெளிச்சத்தில் திரையில் பெரிதாக்கிக் காட்ட, சபைக்கு யாரோ தானமாகக் கொடுத்த கண்ணாடிப் படங்கள் அத்தனையும் எரிமலைகள். காசி காட்டுங்கள், கங்கை காட்டுங்கள் என்று கேட்டவர்களுக்கும் எரிமலையைத்தான் காட்டினேன். எனக்கு அதில் குறையொன்றும் இல்லை, சந்தோஷமாகவே காலம் போயிற்று. ஒரே ஒரு தடவைதான் அந்த எரிமலைகளால் என் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது. அதையும் சொல்கிறேன்.

தலைகீழாக ஒரு மலை

லாந்தரைக் கவனித்துக்கொண்டவர் சுல்தான் பாய். கண்ணாடிப் படத்தைத் தலைகீழாகச் செருகினால்தான் திரையில் நேராக விழும். ஒரு நாள் புத்தூரில் அவர் ஏதோ ஞாபகத்தில் நேராகவே செருகிவிட்டார். நானோ திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, “பூமிக்கு அடியில் உருகிக் கிடக்கும் பாறை இதோ மேலே பீறிட்டு வருகிறது, பாருங்கள்!” என்று முழங்கிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ஒருவர்கூட எழுந்து போகவில்லை, ஒருவர்கூட இருமவில்லை. நம் பேச்சுக்கு இப்படி ஒரு சக்தியா என்று பூரித்துப்போய்த் திரும்பிப் பார்த்தால், மலை ஆகாயத்திலிருந்து தொங்கிக்கொண்டு பூமியின் மேல் நெருப்பைக் கொட்டிக்கொண்டிருக்கிறது.

எல்லாம் முடிந்தபின் பாயிடம், “ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?” என்று கேட்டேன்.

“சனங்க வாயைப் பொளந்துக்கிட்டுப் பாத்துக்கிட்டிருந்தாங்க தம்பி, நடுவுல திருப்பிப் போட்டா மஜா போயிடும்னு வுட்டுட்டேன்.”

குழம்பா, சாத்தமுதா?

மலைக்குள்ளிருந்து உருகி வரும் பாறையைத் தமிழில் குழம்பு என்கிறோம். அந்த வார்த்தையைச் சொன்னதும் எந்த ஊரிலும் ஒரு சிரிப்பு எழும். ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் ஒரு பெரிய வீட்டுக் கூடத்தில் பிரசங்கம். குழம்பு எல்லாம் ஒரே மாதிரி இருக்காது என்று விளக்கினேன். சில மலைகளில் அது இளகலாக வரும், வெகுதூரம் ஓடிப் பரவி, ஆறியபின் அகலமான மேடாக நிற்கும். கடலில் போய் விழுந்தால் கரையே கொஞ்சம் நீண்டுவிடும். சில மலைகளில் கெட்டியாக வரும். அது ஓடாமல் வாயருகிலேயே குவிந்து செங்குத்தான மலையாகிவிடும். இதையே வேறு வேறு வார்த்தைகளில் திரும்பத் திரும்பச் சொன்னேன். யாருக்கும் ஏறினதாகத் தெரியவில்லை. அப்போது முன்வரிசையிலிருந்த அந்த வீட்டு மாமி கையை உயர்த்தினாள்.

“குவிஞ்சு நிக்கறது குழம்பு, சரி. ஓடறதையும் குழம்புன்னா எப்படி? அதைச் சாத்தமுதுன்னு சொல்லுங்கோ, எங்களுக்குச் சட்டுனு புரியும்.”

அப்புறம் ஸ்ரீரங்கத்தில் சாத்தமுது என்றும் மற்ற ஊர்களில் ரசம் என்றும் சொல்லத் தொடங்கினேன். ரசம் ஓடிப் பரவும், குழம்பு குவிந்து நிற்கும் என்றால் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. சபைக் காரியதரிசிக்கு மட்டும் திருப்தியில்லை.

“ஐயா, சாஸ்திரம் பேசச் சொன்னா நீங்க பந்தி பரிமாறிட்டு வரீங்களே!”

மாப்பிள்ளை பார்க்க வந்தவர்

எனக்குப் பெண் பேசியிருந்தது மணப்பாறையில். பெண்ணின் அப்பா பெரியசாமி அங்கே மாட்டுச் சந்தையில் தரகர். பெண் பெயர் மீனாட்சி. பார்க்கப் போனபோது நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு அவளை நிரம்பப் பிடித்துவிட்டது. மாப்பிள்ளை என்னதான் உத்தியோகம் பார்க்கிறார் என்று தெரிந்துகொள்ள, தெப்பக்குளத்துப் பக்கம் நடந்த என் பிரசங்கத்துக்குப் பெரியசாமி வந்து உட்கார்ந்தார்.

மாமனார் உட்கார்ந்திருக்கும்போது சும்மா பேச முடியுமா? வெளுத்து வாங்கினேன். “எரிமலை உறங்கும். தலைமுறை தலைமுறையாக உறங்கும். சாதாரண மலைதானே என்று ஜனங்கள் அடிவாரத்தில் வீடு கட்டுவார்கள், உச்சியில் கோயில் கட்டுவார்கள். ஒரு நாள் அது விழித்துக்கொள்ளும்!” என்றேன். கோயில் எந்தப் படத்திலும் கிடையாது. ஒரு வேகத்தில் நானே சேர்த்தது.

பிரசங்கம் முடிந்து அவரை வீட்டுக்கு அழைத்துப் போனேன். மலைக்கோட்டைக்கு நேர் கீழே, ஒரு சந்தில் என் வீடு. வாசலில் நின்று அண்ணாந்து பாறையைப் பார்த்தார். உச்சியில் பிள்ளையார் கோயில் விளக்கு தெரிந்தது. காபி வேண்டாம் என்றுவிட்டார். அதுவரை மாப்பிள்ளை என்று கூப்பிட்டவர் தம்பிக்கு இறங்கிவிட்டார்.

“நீங்க நல்லாப் பேசுறீங்க தம்பி, ஒரு குறையும் சொல்ல முடியாது. அதனாலதான் பொண்ணு குடுக்கப் பயமாயிருக்கு.”

உச்சி வெயில்

என் தொழிலில் நான் கெட்டிக்காரன் என்பது அன்றைக்குப் பார்த்தா நிரூபணமாக வேண்டும்! மறுவாரமே மணப்பாறைக்கு ஓடினேன். “மலைக்கோட்டை எரிமலையே இல்லை. பூமிக்கு அடியிலேயே இறுகிப்போன பாறை அது. மேலே மூடியிருந்ததெல்லாம் மழையிலும் காற்றிலும் கரைந்து போக, பாறை மட்டும் வெளியே நிற்கிறது. அதற்கு வாயும் இல்லை, வயிற்றில் நெருப்பும் இல்லை” என்று மன்றாடினேன். சுழி பார்க்காமல் மாட்டைத் தொட்டதில்லை, மலையையும் கை வைத்துப் பார்த்துத்தான் சொல்வேன் என்றார் அவர்.

வந்தவர் சித்திரை மாதத்து நடுப்பகலில் வந்து சேர்ந்தார். செருப்பைக் கீழே விட்டுவிட்டு ஏறினோம். உச்சிக்குப் போகும் கடைசிப் படிகள் திறந்த வெளியில் இருக்கின்றன. கால் வைத்தவர் துள்ளிக் குதித்தார். பாறையில் உள்ளங்கையை வைத்தார், வெடுக்கென்று எடுத்தார், என்னைப் பார்த்தார். அது வெயிலின் சூடு என்று எவ்வளவோ சொன்னேன். கடைசியில் அவரைக் கெஞ்சி அன்று தங்கவைத்து, மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக மறுபடி ஏற்றிக்கொண்டு போனேன். பாறை ஜில்லென்று இருந்தது. தட்டிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார், தலையை ஆட்டினார்.

“ஜில்லுனுதான் இருக்கு. ஆனா உறங்குற மலை விடியக்காலையில உறங்கத்தானே தம்பி செய்யும்?”

நெருப்பில்லாத படங்கள்

எனக்கு அழுகையே வந்துவிட்டது. சுல்தான் பாய்தான் லாந்தரை மணப்பாறைக்குக் கொண்டுபோவோம் என்றார். பொழுது சாய்ந்ததும் அவர்கள் தெருவிலேயே வேட்டியைத் திரையாகக் கட்டினோம். முறுக்கு சுடுகிற வீடுகளிலிருந்துகூட வேலையைப் போட்டுவிட்டு வந்தார்கள். பெண்கள் பக்கத்தில் மீனாட்சி உட்கார்ந்திருந்தாள்.

சுவாரசியம் இல்லை என்று காரியதரிசி ஒதுக்கி வைத்திருந்த படங்களை அன்று எடுத்தேன். அவற்றில் வெடிப்பும் கிடையாது, நெருப்பும் கிடையாது. மலை கக்கின சாம்பல் நாளடைவில் மக்கிக் கறுப்பு மண்ணாகியிருந்தது. அதில் திராட்சைக் கொடி, எலுமிச்சை மரம், கொடிக்கு நடுவில் வீடுகள், வீட்டு வாசலில் குழந்தைகள். “அந்த மண்ணில் போட்டதெல்லாம் விளையும். அதனால்தான் பயந்து ஓடிப்போனவர்கள் அதே இடத்துக்குத் திரும்பி வந்தார்கள்” என்று மெதுவாகச் சொன்னேன்.

பெரியசாமி எழுந்து, “எல்லாம் சரிதான் தம்பி, இருந்தாலும்...” என்று ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து மீனாட்சி எழுந்து நின்றாள்.

“அப்பா, நெசமா வெடிச்ச மலைக்குக் கீழயே அந்தச் சனங்க வெள்ளாமை பண்ணிக்கிட்டுப் புள்ளகுட்டியோட இருக்காங்க, வெடிக்கவே வெடிக்காத மலைக்குக் கீழ நான் குடும்பம் நடத்த மாட்டேனா?”

எரிமலை புது நிலத்தை உண்டாக்கும் என்று ஊர் ஊராகச் சொல்லித் திரிந்த எனக்கு, அது புதுக் குடித்தனத்தையும் உண்டாக்கும் என்பது மணப்பாறைக்குப் போனபிறகுதான் தெரிந்தது.