டாக்டரம்மா கேட்ட செருப்புக் கேள்வி

நார்வேயில் மலத்தையும் தபாலில் அனுப்பலாம். உங்களுக்குச் சிரிப்பு வரும். சின்னக் குப்பி, அதற்கு ஓர் உறை, அதன் மேல் இன்னோர் உறை. விருத்தாசலத்திலிருந்து முறுக்கு அனுப்பும்போதுகூட நான் இவ்வளவு பத்திரமாகக் கட்டியதில்லை. என் கணவருக்கு மாதக்கணக்காக வயிற்றுப்போக்கு. ஆள் பாதியாகிவிட்டார். பனிக்காலத்தின் மங்கல் வெளிச்சத்தில் கட்டிலுக்கும் கழிவறைக்குமாக நடப்பவரைப் பார்த்தால், தூக்கத்தில் நடப்பவர் போலிருக்கும். எனக்குப் பயமாக இருந்தது.

குப்பியில் பூச்சி எதுவும் இல்லை என்று பதில் வந்தது. குடல் அழற்சியாக இருக்கும், ஸ்டீராய்டு மாத்திரை தருகிறேன் என்றார் டாக்டரம்மா. சீட்டு எழுதப் போனவர் நிறுத்தி, ஊரில் வெறுங்காலோடு மண்ணில் நடந்ததுண்டா என்று கேட்டார். நான் தமிழில் சொன்னதும் இவர் முகம் சுருங்கிவிட்டது.

"நாம என்னா செருப்புக்கு வழியில்லாதவங்களா? எப்பவும் போட்டிருப்போம்னு சொல்லு."

அப்படியே சொன்னேன். டாக்டரம்மாவும் தலையாட்டிவிட்டு எழுதிக் கொடுத்தார்.

மருந்துக்கடை வரிசையில் நின்றபோது, கண்ணாடிக்கு வெளியே விழுந்த பனி எனக்கு வெள்ளைக் களிமண்ணாகத் தெரிந்தது. ஊரில் இவர் வேலை பார்த்த பீங்கான் பட்டறை. கல்யாணமான புதிதில் சாப்பாடு கொண்டுபோகிறேன். முழங்கால் வரை மண்ணாக, களிமண்ணை மிதித்துக் குழைத்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். செருப்புகளெல்லாம் வாசலில் கிடக்கின்றன.

"மண்ணு மிதிக்கிறப்போ செருப்பு போட்டிருந்தீங்களா?" என்று கேட்டேன்.

"சோறு போடுற மண்ணு. அது மேல யாராவது செருப்போட ஏறுவாங்களா?"

அவர் கணக்கில் அது வெறுங்கால் இல்லை, மரியாதை. மருந்து வாங்காமல் அவரை இழுத்துக்கொண்டு திரும்பினேன்.

பட்டறைக் கதையைச் சொன்னதும் டாக்டரம்மா சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ரத்தம் எடுத்தார்கள். மலத்தையும் பல நாள் வாங்கி வேறு விதமாகப் பார்த்தார்கள். மண்ணிலிருந்து பாதத்தோல் வழியாக ஏறி, குடலில் வருஷக்கணக்காகப் பெருகி வாழும் புழுவாம். ஒரே குப்பியில் அகப்படாமலும் போகுமாம். அந்த ஸ்டீராய்டு உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கிவிடும், அதைச் சாப்பிட்டிருந்தால் புழு உடம்பெல்லாம் பரவி உயிரையே எடுத்திருக்கலாம் என்றார்.

வேறு மாத்திரையில் தேறினார். இனிமேல் ஈர மண்ணில் வெறுங்கால் வைக்காதீர்கள் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். விடுமுறையில் ஊருக்குப் போனபோது பட்டறைக் கூட்டாளிகள் மண்ணுக்குள் நின்றபடியே, "வாங்க, ஒரு மிதி மிதிச்சிட்டுப் போங்க" என்று கூப்பிட்டார்கள். இவர் குனிந்து ஒரு ஷூவைக் கழற்றினார். மற்றதின் கயிற்றைப் பிடித்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒரு காலில் ஷூவோடு அவர் அந்த மண் ஓரத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.