தட்டிவிட்ட முதல் வடி

அந்தச் சாராயப் பண்ணையை விட்டு விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தேன். கோபம் வந்தால் நான் நடந்துவிடுவேன். பள்ளிக்கூடத்தையும் கப்பல் வேலையையும் அப்படித்தான் விட்டேன். என் மனைவி பவானி பின்னால் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

எழுபதுகளில், ஜெர்மனியில், தொழிற்சாலை என்னை வேலையிலிருந்து நிறுத்திய வாரம் அது. "கவலைப்பட்டது காணும், சுத்திப் பாப்பம் வாங்கோ" என்று சனிக்கிழமை அவள்தான் என்னைக் கருங்காட்டு மலைக்கு இழுத்துவந்தாள். அங்கே பண்ணைக்குப் பண்ணை செர்ரிச் சாராயம் வடித்தார்கள். இரண்டு இடங்களில் ருசி பார்த்து, சிரித்துச் சிரித்து மூன்றாவதற்கு வந்தோம். கொதிகலனின் குழாயிலிருந்து அப்போதுதான் முதல் சொட்டுகள் விழத் தொடங்கியிருந்தன. ஆசை பொறுக்காமல் கிண்ணத்தில் ஏந்தி வாயருகே கொண்டுபோனேன். பண்ணைக்காரி எனக்குப் புரியாத ஜெர்மன் மொழியில் ஏதோ கத்திக்கொண்டு பாய்ந்து வந்து தட்டிவிட்டாள்.

"கறுப்பன் குடிச்சால் அவவுக்குத் தீட்டாமோ?" என்றேன் நடந்தபடியே.

"விசர்க்கதை கதையாதேங்கோ! முதல் வடி நஞ்சாம். கண் போயிடுமாம். அதைத்தான் மனிசி கத்தினது!"

நின்றுவிட்டேன். எதிரே மலைச்சரிவு இலையுதிர்கால மஞ்சளும் சிவப்புமாய் எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

வாழ்க்கையில் முதன்முறையாக, விட்டுவந்த இடத்துக்குத் திரும்பிப் போனேன். பவானி எனக்காக ஜெர்மன் மொழியில் மன்னிப்புக் கேட்டாள். பண்ணைக்காரி சிரித்து, நல்ல சாராயம் ஊற்றித் தந்து, ஏதோ கேட்டாள்.

"மாடு பாக்க ஆள் வேணுமாம்," என்றாள் பவானி. "நிப்பீங்களோ, ஓடுவீங்களோ?"

"நிப்பன்."

மறுநாள் ஞாயிறு. மாடுகளுக்கு விடுமுறை கிடையாது. விடிந்ததும் சாணம் அள்ளத் தொடங்கினேன்.