நாத்தனாரைத் தூக்க ஒரு திட்டம்

நாற்பத்து மூன்றாவது வயதில் மூக்குக்கண்ணாடிக் கடை அக்காவுக்கு ஒரே ஒரு லட்சியம் மிச்சமிருந்தது. தன் நாத்தனாரை ஒரு தடவையாவது அலாக்காகத் தூக்கிக் கீழே போட வேண்டும்.

பகையெல்லாம் எதுவும் இல்லை. இருவரும் ஒருத்தி புடவையை இன்னொருத்தி கேட்காமலே எடுத்துக் கட்டுகிற அளவுக்கு ஒட்டுதல். நாத்தனாரை எல்லோரும் சுண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆளும் அப்படித்தான், துணிமணியோடு நாற்பத்தெட்டு கிலோ. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. காலையிலிருந்து யார் யார் கையையோ பிடித்துத் தட்டித் தட்டி நரம்பு தேட வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்னால் முதுகுவலிக்கு நல்லது என்று யாரோ சொன்னார்கள் என்று, அண்ணியையும் இழுத்துக்கொண்டு போய் ஜூடோ வகுப்பில் சேர்ந்தவள் அவள்தான்.

வகுப்பு செவ்வாய், வெள்ளி மாலைகளில் ஓர் அச்சகத்தின் மாடியில் நடந்தது. கீழே இயந்திரம் ஓடினால் மேலே மெத்தை மெல்ல அதிரும். அந்த அதிர்வு அக்காவுக்கு அத்துப்படி. வகுப்பின் பாதி நேரம் அவள் முதுகு மெத்தையில்தானே இருந்தது! சுண்டு வருவாள், காலரைப் பிடிப்பாள், கையை இழுப்பாள், ஏதோ ஒரு திருகு. அக்கா கூரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"வலிக்கலையே அண்ணி?" என்று மேலிருந்து ஒரு குரல் வரும்.

விழுந்ததைக்கூட அக்கா பொறுத்துக்கொண்டாள். அந்தக் கேள்வியைத்தான் அவளால் ஜீரணிக்க முடியவில்லை. பதிமூன்று கிலோ அதிகம் இருந்தும் ஏன் விழுகிறோம் என்று யோசித்து யோசித்து, குறை தன் வித்தையில் இல்லை, பலத்தில்தான் என்று ஒரு முடிவுக்கு வந்தாள். ஜூடோ மாஸ்டரைக் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பார். அதனாலேயே அவள் கேட்கவில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது கணவரிடம் விஷயத்தை எடுத்தாள். அவர் அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பவர்.

"என்னங்க, நான் லிஃப்டிங் பண்ணலாம்னு இருக்கேன்."

"எந்தக் கட்டடத்துல?" என்றார் அவர், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

பளு தூக்கும் பயிற்சி, அதுவும் எதற்காக என்று விளக்கிச் சொன்னதும் அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். தூக்கப்படப் போவது தன் தங்கை, தூக்கப் போவது தன் மனைவி. எந்தப் பக்கம் வாயைத் திறந்தாலும் வம்பு. "பாத்து செய்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

கைபேசியில் தேடியபோது மூன்று பயிற்சித் திட்டங்கள் தேறின. முதலாவது அரைப் பக்கம்கூட இல்லை. வாரம் இரண்டு நாள், மூன்றே பயிற்சிகள். இரண்டாவது வாரம் நான்கு நாள். மூன்றாவது வாரம் ஆறு நாள், பத்துப் பக்கம், கட்டம் கட்டமாக அட்டவணை. அதன் மேலே ஒரு மனிதரின் படம். அவருக்குத் தலைக்குக் கீழே நேராகத் தோள் இருந்தது. நடுவில் கழுத்து என்று எதையும் காணோம். அக்கா முதலாவதைப் பார்த்து, "இது குழந்தைங்க செய்யறது" என்று தள்ளினாள். கழுத்தில்லாதவர் திட்டத்தைப் பத்துப் பக்கமும் அச்செடுத்துக்கொண்டாள்.

கடைக்குப் பின் தெருவில், படியிறங்கிப் போகிற ஒரு ஜிம். நடத்துகிற அம்மாள் ஒரு காலத்தில் பளுதூக்கும் போட்டிகளுக்குப் போனவர். அக்காவிடம்தான் படிக்கும் கண்ணாடி வாங்கியிருந்தார். அதைப் போட்டுக்கொண்டு பத்துப் பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார்.

"கூடவே ஜூடோவும் போறீங்களா?"

"ஆமா, ரெண்டு நாள்."

"அப்போ தூங்கறது எப்போ?"

அக்கா இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுந்தாள். தாளில் போட்டிருந்தபடி எட்டு சுற்று. செவ்வாய்க்கிழமை கட்டிலிலிருந்து எழுவதற்குள் கண்ணில் பூச்சி பறந்தது. வீட்டுப் படிகளை ஏணியில் இறங்குகிற மாதிரி பின்னோக்கி இறங்கினாள். மாலை வகுப்பில் சுண்டு காலரைத் தொட்டதுதான் தாமதம், அக்கா பொத்தென்று உட்கார்ந்தாள்.

"நான் இன்னும் பிடிக்கவே இல்லையே அண்ணி!"

இப்படியே மூன்று வாரம். ரோஷம் அவளைப் படியிறக்கி ஜிம்முக்குக் கொண்டுபோய்விடும். திரும்ப மேலே ஏற்றிவிடத்தான் யாரும் இல்லை. கடையில் நிலைமை இன்னும் மோசம். மூக்குக்கண்ணாடித் திருகாணி ஒரு கடுகு அளவுதான். அதைப் பிடித்துப் பொருத்தும்போது கை வெடவெடவென்று நடுங்கியது. ஒரே நாளில் ஒன்பது திருகாணிகள் காணாமல் போயின. மூக்குக்கண்ணாடி வாங்க வந்த ஒருவர் அவள் கையைப் பார்த்துவிட்டு, "நான் அப்புறமா வரேம்மா" என்று நைசாக நழுவினார்.

சுண்டு இதை வேறு மாதிரி புரிந்துகொண்டாள். சனிக்கிழமை காலை, வேலைக்குப் போகிற பையோடு நேராக அண்ணியின் சமையலறைக்கு வந்துவிட்டாள்.

"உக்காருங்க. கையை நீட்டுங்க. நடுக்கம், சோர்வு, தொட்டா விழறீங்க. ஒரு டியூப் ரத்தம் எடுத்துடறேன்."

"எனக்கு ஒண்ணும் இல்லடி."

"இல்லைன்னு சொல்றவங்களுக்குத்தான் இருக்கும். கைய மடக்காதீங்க."

ஊசியின் மூடி கழன்றதும் அக்காவின் ரகசியமும் கழன்றது. ஜிம், கம்பி, பத்துப் பக்கம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள்.

"எதுக்கு அண்ணி இவ்வளவு?"

"முதுகுவலிக்கு" என்றாள் அக்கா, அடுப்பைப் பார்த்துக்கொண்டு.

சுண்டு ஊசியை மறுபடி மூடினாள். நம்பினாளா, இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை.

அன்று மதியமே ஜிம்கார அம்மாள் கடைக்கு வந்தார், கண்ணாடியின் கால் தளர்ந்துவிட்டது என்று. திருகாணி இரண்டு தடவை கீழே விழுந்தது. மூன்றாவது தடவை அவரே குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

"எனக்குக் கண்ணாடி போட்டப்போ என் கண்ணைத்தானே அளந்தீங்க? அடுத்தவங்க சீட்டைப் பாத்தா குடுத்தீங்க?"

அக்காவுக்கு உறைத்தது. கொஞ்சம் கோபமும் வந்தது, தன் கடையிலேயே தனக்குப் பாடமா என்று. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை போய் நின்றாள். அம்மாள் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார்: ஞாயிறும் புதனும் மட்டும். தோளில் கம்பியோடு உட்கார்ந்து எழுவது, தரையிலிருந்து தூக்குவது, குனிந்து நெஞ்சுக்கு இழுப்பது. ஐந்து தடவை வீதம் மூன்று சுற்று. நன்றாகப் போனால் அடுத்த வாரம் இரண்டரை கிலோ கூடும்.

"இன்னும் ரெண்டு தடவை தூக்கலாம்னு தோணும்போது கீழ வெச்சிடணும். வகுப்புக்குத் தெம்பு மிச்சம் வேணும்ல?"

அக்காவுக்கு இப்படி நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. முழுசாகத் தூக்கி முகம் சிவந்தால்தானே ஏதோ செய்த மாதிரி இருக்கும்! முதல் மாதம், ஏமாற்றப்பட்டவள் மாதிரியே வீடு திரும்பினாள். இரண்டாம் மாதம் திருகாணி விழுவது நின்றது. ஐந்தாம் மாதம் தரையிலிருந்து எண்பது கிலோவைத் தூக்கிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். ஒருத்தரும் பார்க்கவில்லை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை சுண்டு வழக்கம்போல் காலரைப் பிடித்து இழுத்தாள். அக்கா வரவில்லை. மறுபடி இழுத்தாள். சுவரில் அடித்த ஆணி மாதிரி அண்ணி அப்படியே நின்றாள். சுண்டுவின் கண்ணில் ஒரு கணம் குழப்பம். அந்தக் கணத்தில் அக்கா இடுப்பைத் திருப்பி அவள் கைக்குள் நுழைந்தாள். அடுத்து என்ன நடந்தது என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. நாற்பத்தெட்டு கிலோவும் தோளுக்கு மேலாகப் போய் மெத்தையில் விழுந்தது.

இந்த நிமிடத்தில் சொல்வதற்கென்று இரண்டு வருடமாக விதவிதமான வசனங்கள் வைத்திருந்தாள். வாயில் வந்ததோ வேறு. "ஐயோ, யாராவது வாங்களேன்!" என்று கத்தினாள்.

சுண்டு எழுந்து உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "நல்லாத்தான் சரியாப் போச்சு, உங்க முதுகுவலி!"

அதே மாலையில் சுண்டு அவளை நான்கு தடவை போட்டாள். அது வேறு கதை இல்லை, அதே கதைதான். பலம் வந்த அளவுக்கு வித்தை வரவில்லை. ஆனால் அந்த நான்கு தடவைக்கும் சுண்டு வியர்க்க வேண்டியிருந்தது. அடுத்த ஞாயிறு அவளும் படியிறங்கி ஜிம்முக்கு வந்தாள். அண்ணி மாதிரியே ஆறு நாள் திட்டம்தான் வேண்டும் என்று அவள் அடம்பிடிக்க, அம்மாள் காது கேட்காதவர்போல் இருந்துவிட்டார்.

இப்போது ஒரு வாரம் ஒருத்தி அதிகம் தூக்குவாள், மறு வாரம் இன்னொருத்தி. போன மாதம் அக்கா வீடு மாறியபோது இரும்பு பீரோவை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மாடிக்கு ஏற்றினார்கள். லிஃப்ட்காரர் முன்னால் நடந்து வழி காட்டினார். திருப்பத்தில், "கொஞ்சம் இடது பக்கம்" என்று அவர் சொன்னதற்கு, "நீங்க தள்ளிக்கோங்க அண்ணா" என்று சுண்டுவும் "நீங்க தள்ளிக்கோங்க" என்று அக்காவும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவர் சுவரோடு சுவராக ஒட்டி நின்றுகொண்டார்.